கத்தி அவனுடையது, கேட் யாருடையது?

என் கையை வெட்டியவன் பிடிபட்டுவிட்டான். திருடிய செல்போனை விற்கப் போன இடத்தில் போலீஸ் அமுக்கியது. வழக்கு நடக்கிறது, தண்டனை உறுதி என்கிறார்கள். கிடைக்கட்டும். ஆனால் அவன் உள்ளே வருவதற்கு வசதியாகப் பின்பக்கக் கேட்டை மாதக்கணக்கில் உடைந்த நிலையிலேயே போட்டு வைத்திருந்தவர், இன்றைக்கும் அதே விடுதியை நடத்திக்கொண்டிருக்கிறார். நான் படுத்திருந்த கட்டிலுக்கு வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டார். அவளிடமும் அட்வான்ஸ் வாங்கியிருப்பார். அவர் மேல் ஒரு எஃப்.ஐ.ஆர். இல்லை, ஒரு நோட்டீஸ் இல்லை, ஒரு நாள் வருமானம் கெடவில்லை. ஏன் என்று கேட்டால் எல்லோர் வாயிலும் ஒரே பதில்: "திருடன் செஞ்சதுக்கு ஓனர் என்னம்மா பண்ணுவாரு?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் வயிறு எரிகிறது. ஓனர் என்ன பண்ணியிருக்க வேண்டும் என்பதை அந்த விடுதியில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் அவருக்கு எழுதியே அனுப்பியிருந்தாள்.

நான் தங்கியிருந்தது சென்னையில், பழைய வீடொன்றை மாடிமேல் மாடியாக எடுத்துக் கட்டிய பெண்கள் விடுதி. முன்வாசலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கேட், 'பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம்' என்ற போர்டு, அதன் பக்கத்தில் கேமரா, பிளாஸ்டிக் நாற்காலியில் வாட்ச்மேன் தாத்தா. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டும் என் அப்பா, லீவு போட்டால் கூலி போய்விடும் என்று தெரிந்தும் கிளம்பி வந்து, அந்த முன்வாசலைப் பார்த்துத்தான் என்னைச் சேர்த்தார். மாத ரசீதில் வாடகை, சாப்பாடு, அதற்குக் கீழே தனி வரியாக 'செக்யூரிட்டி, மெயின்டெனன்ஸ்' என்று ஒரு தொகை இருக்கும். ஒரு மாதம்கூட நான் அதைப் பாக்கி வைத்ததில்லை.

பின்பக்கம் யாருக்கும் காட்டப்படாத பக்கம். துணி காயப்போடும் இடத்துக்கும் பின்சந்துக்கும் நடுவே ஒரு சின்னக் கேட். அதன் தாழ்ப்பாள் வெல்டிங் விட்டுப்போய் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி வைத்திருந்தார்கள். காலையில் குப்பை எடுக்க வருகிறவர் வெளியிலிருந்தே கையை விட்டு அதை அவிழ்ப்பார். மேலே ஒரு கேமரா இருந்தது. அதன் வயர் எதிலும் இணைக்கப்படாமல் சுவரோரம் சுருண்டு கிடந்தது. பின்படிக்கட்டு விளக்கு எரியாது. சுவரில் ஹோல்டர் மட்டும் இருக்கும்.

இதையெல்லாம் நாங்கள் சொல்லாமல் இருக்கவில்லை. விடுதியின் வாட்ஸ்அப் குரூப்பில் இன்றைக்கும் அந்த மெசேஜ்கள் இருக்கின்றன. தொங்கும் தாழ்ப்பாளைப் படமெடுத்துப் போட்டோம். "வெல்டர் ஊருக்குப் போயிருக்காரு, அடுத்த வாரம் வருவாரு" என்று பதில் வந்தது. அடுத்த வாரமும் கேட்டோம். பெருவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று வந்தது. அதன் பிறகு தரைத்தளத்தில் ஒரு பெண்ணின் செல்போன் திருடு போனது. துணி உலர்த்தும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவன் நின்றதைச் சமையல் அக்கா பார்த்துச் சத்தம் போட்டு விரட்டினார். போலீசில் சொல்லலாம் என்றோம். "ஹாஸ்டலுக்குக் கெட்ட பேர் வந்துடும், வேணாம். அப்புறம் உங்க வீட்டுலயும் பயந்துக்கிட்டு உங்களைக் கூப்பிட்டுக்குவாங்க" என்று வார்டன் வழியாக ஓனர் சொல்லி அனுப்பினார். கேட்டை மட்டும் சரி செய்யவில்லை. ஒரு தாழ்ப்பாளைப் பற்றவைக்க எவ்வளவு ஆகும்? எங்களில் ஒருத்தி ஒரு மாதத்துக்குக் கட்டிய செக்யூரிட்டிப் பணத்துக்குள் அந்த வேலை முடிந்திருக்கும்.

அவன் உள்ளே வந்த அன்றைக்கு ராத்திரி கரண்ட் போயிருந்தது. வாட்ச்மேன் தாத்தா முன்வாசலிலும் இல்லை. பக்கத்துத் தெருவில் ஓனருக்கு இருந்த இன்னொரு கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் போட அவரைத்தான் அனுப்புவார்கள். வந்தவன் பின்கேட்டின் கம்பியை அவிழ்த்து, இருட்டுப் படிக்கட்டில் ஏறி, எங்கள் அறைக்குள் வந்துவிட்டான். பக்கத்துக் கட்டில் பெண் விழித்துக் கத்தினாள். அவள் கழுத்தை நோக்கி அவன் கத்தியை நீட்டியபோது நான் குறுக்கே கையை நீட்டினேன். கத்தி என் வலது உள்ளங்கையில் கட்டைவிரலின் அடியில் இறங்கி மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு போனது.

நான் லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது என் வேலை. சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், எண்பது வயதுப் பாட்டிகள் ஆகியோருக்கு நரம்பு கண்ணுக்குத் தெரியாது. பட்டையைக் கட்டிவிட்டு ஆள்காட்டி விரல் நுனியால் மெல்ல அழுத்தி, தோலுக்கு அடியில் அது லேசாக எழும்புவதை உணர்ந்தால்தான் ஊசியை இறக்க முடியும். "இந்தப் பொண்ணு குத்தினா வலிக்காது" என்று சொல்லி எனக்காகவே காத்திருந்து கை நீட்டுகிறவர்கள் இருந்தார்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் அறுபட்ட தசைநாண்களைத் தேடி எடுத்துத் தைத்தார்கள். அந்த டாக்டர்களை நான் கும்பிடுகிறேன். விரல்கள் மடங்குகின்றன. ஆனால் ஆள்காட்டி விரலின் நுனியில் உணர்ச்சி இல்லை. கட்டைவிரலும் அதுவும் சேர்ந்து ஒரு ஊசியை ஆடாமல் பிடிப்பதில்லை. நான் வேலை பார்த்த லேபில் இப்போது ரிப்போர்ட் கவரில் பெயர் ஒட்டும் வேலை தந்திருக்கிறார்கள். சம்பளம் பாதியாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓனர் வந்தார். 'மனிதாபிமான அடிப்படையில்' ஒரு தொகை தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு தாளையும் நீட்டினார். விடுதி நிர்வாகத்தின் மீது எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை என்று அதில் டைப் செய்திருந்தது. என் அப்பா பெரிய மனிதர்களிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தத் தாளை மடித்து ஓனரின் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார்.

உடனே ஓனர் வேறொரு காகிதத்தை எடுத்தார். சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட படிவம். அதன் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு விதி: 'தங்குபவரின் உடைமைக்கோ உயிருக்கோ நேரும் இழப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' அதைக் காட்டித்தான் காவல் நிலையத்திலும் தப்பித்தார். "கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா, அவர் மேல எப்படிக் கேஸ் போடுறது? வேணும்னா சிவில் கோர்ட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பொடி எழுத்துக்கு இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் என்ன மதிப்புக் கொடுத்திருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இருந்த வழக்கறிஞர் அக்காதான் எடுத்துச் சொன்னார். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென் காரில் போனார். சாவியை ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்து நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்து கேட்டால் காரை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அவருக்குக் கொடுத்த சீட்டில், வண்டிக்கு வந்தவரே பொறுப்பு, ஹோட்டல் பொறுப்பல்ல என்று அச்சடித்திருந்தது. திருடியவர்கள் வெளியாட்கள்தாம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு வண்டியைப் பத்திரமாகத் திருப்பித் தருவது ஹோட்டலின் கடமை. தன் அலட்சியத்தை மறைக்க அச்சடித்த சீட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது. தன் பக்கம் அலட்சியம் இல்லை என்று ஹோட்டல்தான் நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

ஒரு காருக்கு இவ்வளவு நியாயம் கிடைத்திருக்கிறது. அதில் எனக்குப் பொறாமை இல்லை, அது சரியான தீர்ப்பு. திருடியது வெளியாள் என்பதற்காக அங்கே யாரும் ஹோட்டலை விட்டுவிடவில்லை. பணம் வாங்கிக்கொண்டு பாதுகாப்பதாக ஏற்றவர் பாதுகாக்கவில்லை என்றால் அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற அந்த நியாயம், ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கைக்கு மட்டும் ஏன் பொருந்தாது? நான் ஒரு கட்டிடத்தின் நான்கு சுவரை நம்பி என் உயிரையே ஒப்படைத்திருந்தேன். பின்கேட்டுக்குப் பூட்டுப் போடும் அதிகாரம் எனக்கு இல்லை. கேமராவுக்கு இணைப்புக் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. வாட்ச்மேனை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர் ஓனர். அதிகாரம் முழுவதும் ஒருவர் கையில், ஆபத்து முழுவதும் இன்னொருவர் தலையில் என்றால் அதற்குப் பெயர் விதியா?

அமெரிக்காவில் இதே கேள்வி அரை நூற்றாண்டுக்கு முன்பே கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. வாஷிங்டன் நகரில் ஐந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டிடம். 1959இல் ஒரு பெண் அங்கே குடிவந்தபோது வாசலில் காவலாள் இருந்தார். 1966இல் அந்தக் காவலாளும் இல்லை, வேறு ஏற்பாடும் இல்லை. பொது நடைகூடத்தில் குற்றங்கள் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தன. அது கட்டிட நிர்வாகத்துக்கும் தெரியும். அந்த நவம்பரில் அவர் வீட்டு வாசலுக்கு வெளியே, அதே நடைகூடத்தில் தாக்கப்பட்டுப் படுகாயமடைந்தார். 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டிட உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. குடியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிமையாளர் உத்தரவாதி ஆகிவிட முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஆனால் குற்றம் நடந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும், பொது இடங்களைக் காக்கும் வசதி அவரிடம் மட்டுமே இருக்கிறது, அதனால் நியாயமான ஏற்பாட்டைச் செய்யும் கடமையும் அவருடையதே என்றது. இதைப் படித்தபோது என் விடுதியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்களோ என்று தோன்றியது. இங்கிலாந்தில் இடத்தை வைத்திருப்பவர் அங்கே வருகிறவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் சொல்லும் தனிச் சட்டமே 1957இல் வந்துவிட்டது. நம் நாட்டில் இன்றுவரை அப்படி ஒரு சட்டம் இல்லை.

சட்டம் இல்லாவிட்டாலும் நம் நீதிமன்றங்கள் மனசு வைத்த நாட்கள் இருந்திருக்கின்றன. 1998 பிப்ரவரியில் வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு பெண் அஜ்மீருக்குப் போக ஹவுரா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தார். அவரை ஏமாற்றி ரயில்வேக்குச் சொந்தமான யாத்ரி நிவாஸ் கட்டிடத்துக்கு அழைத்துப் போய்க் கூட்டாகச் சீரழித்தார்கள். அதில் ரயில்வே ஊழியர்களும் இருந்தார்கள். கொல்கத்தா வழக்கறிஞர் சந்திரிமா தாஸ் அந்தப் பெண்ணுக்காக வழக்குப் போட்டார். தனியாட்கள் செய்த குற்றத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று ரயில்வே வாதாடியது. 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, பத்து லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. வெளிநாட்டுக்காரராக இருந்தாலும் மானத்தோடு வாழும் உரிமை அவருக்கும் உண்டு என்றது. அந்த வழக்கில் எதிரே நின்றது அரசு. தனியார் கட்டிடம், தனியார் முதலாளி என்றால் மட்டும் ஏன் எல்லோரும் கையை விரிக்கிறார்கள்?

தனியார் முதலாளிகளோடு மோதியவர்கள் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் தீப்பிடித்து 59 பேர் செத்தார்கள். பால்கனியில் கூடுதல் சீட் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். புகையில் மூச்சுத் திணறி மக்கள் மடிந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படிகளில் நின்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2003இல் இறந்தவரின் வயதைப் பொறுத்து 18 லட்சமும் 15 லட்சமும் கொடுக்கச் சொன்னது. முதலாளிகள் மீது 2.5 கோடி ரூபாய் தண்டனைத் தொகையும் விதித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அவற்றைப் பத்து லட்சமாகவும் ஏழரை லட்சமாகவும் குறைத்தது, இரண்டரைக் கோடி 25 லட்சமாகச் சுருங்கியது. 2015இல் தலா 30 கோடி அபராதம் கட்டிவிட்டு உரிமையாளர்கள் சிறைக்குப் போகாமல் இருக்கலாம் என்ற உத்தரவு வந்தபோது, அந்தப் பெற்றோர்களின் நெஞ்சு எப்படி வெடித்திருக்கும் என்று இன்று எனக்குத் தெரிகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2004 ஜூலை 16 அன்று நம் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிச் செத்தார்கள். கூரைக் கொட்டகையும் குறுகிய ஒற்றைப் படிக்கட்டும் வைத்துப் பள்ளி நடத்தியவர் ஒருவர், அதைப் பார்த்தும் அனுமதி கொடுத்தவர்கள் பலர். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வரவே பத்து ஆண்டுகள் ஆயின. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்தது. புகை சூழ்ந்து இரண்டு ஆசிரியைகள் இறந்தார்கள். கட்டிடத்தின் நிலைமை முன்பே தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்ற செய்தி அவர்கள் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் சாவு முன்னால் வருகிறது, அதிகாரிகள் பின்னால் வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் விடுதிகளுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது என்பது பல பெண்களுக்குத் தெரியாது. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு விடுதிக்குள் இரவில் ஆட்கள் புகுந்து இரண்டு சிறுமிகளைச் சீரழித்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு அதே ஆண்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். விடுதியிலேயே தங்கும் காப்பாளர் வேண்டும். காவலர் வேண்டும். கேமரா வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தினால் சிறையும் அபராதமும் உண்டு. இரண்டு சிறுமிகளின் வாழ்வைக் கொடுத்து வாங்கிய சட்டம் இது. 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் விடுதி நடத்தியவரே பெண்களின் அறைகளில் ரகசியக் கேமரா வைத்துப் பிடிபட்டபோதுதான், உரிமம் வாங்காத விடுதிகளைப் பற்றி மறுபடியும் ஊர் முழுக்கப் பேசினார்கள். பேச்சு ஓய்ந்ததும் எல்லாம் பழையபடி ஆனது. நான் தங்கியிருந்த விடுதிக்கு உரிமம் உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 'விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கும் ஒரு கட்டிடத்தில், என்னைப் போன்ற பெண்கள் ஆண்டுக்கணக்கில் வாடகை கொடுத்துப் படுத்திருந்திருக்கிறோம்.

இங்கேதான் போலீசாரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்பட்டால் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் செயலுக்குச் சமம் என்று அதே சட்டம் சொல்கிறது. காவலர் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது, அந்தக் காவலரை இன்னொரு கட்டிடத்துக்கு மோட்டார் போட அனுப்பியது வெறும் நிர்வாகக் குறைபாடா? ஆபத்து இருக்கிறது என்று எழுத்தில் பல முறை சொன்ன பிறகும் ஒரு தாழ்ப்பாளைப் பற்றவைக்காதது அலட்சியம் இல்லை என்றால் எது அலட்சியம்? இது என் வழக்கறிஞரின் வாதம். கோர்ட் ஏற்குமா மறுக்குமா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். அந்த வாதம் கோர்ட் வாசலைத் தொடுவதற்கு முன்பே காவல் நிலைய மேஜையில் ஒரு ஆய்வாளர் அதைத் தூக்கிப் போட யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

சிவில் கோர்ட்டுக்குப் போ என்று சொல்வது சுலபம். இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால், கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று ரூபாய் கோர்ட் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். இருபது லட்சம் கேட்டால் அறுபதாயிரம். தறிக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகையா? நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். பணம் கொடுத்துத் தங்கியதால் விடுதியும் ஒரு சேவைதான். அங்கே கட்டணச் சுமை இல்லை. ஆனால் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கெடு தெரியும்?

இன்னொரு பேச்சையும் நான் கேட்க வேண்டியிருந்தது. "அந்த வாட்ச்மேன்தான் காரணம், அவரைப் பிடிச்சு உள்ள போடணும்." போலீஸ் முதலில் அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்தது அந்தத் தாத்தாவைத்தான். பகல் காவலுக்கும் அவர்தான், ராத்திரிக் காவலுக்கும் அவர்தான். தண்ணீர் லாரி வந்தால் குழாய் பிடிப்பார், கேஸ் சிலிண்டர் தூக்குவார், குப்பைத் தொட்டி நகர்த்துவார், ஓனரின் அடுத்த கட்டிடத்துக்கும் ஓடுவார். தனியார் பாதுகாவலர்களுக்கென்று 2005இல் மத்திய அரசு சட்டம் போட்டது. அதன் மாதிரி விதிகள் நூறு மணி நேர வகுப்பும் அறுபது மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. அந்தத் தாத்தாவுக்கு யாரும் ஒரு டார்ச் லைட்கூட வாங்கித் தரவில்லை. காவல் என்ற பெயரில் எங்களிடம் பணம் வாங்கி, காவலுக்கு ஆள் வைக்காமல், இருந்த ஒரு கிழவரையும் எடுபிடியாக்கியவர் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்தத் தாத்தா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் என்னைப் போல் ஏமாற்றப்பட்டவர்.

உரிமையாளர்கள் இதைப் படித்தால், "ஊரில் நடக்கும் எல்லாக் குற்றத்துக்கும் எங்களைப் பிடித்தால் யார் விடுதி நடத்துவார்கள், வாடகைதான் ஏறும்" என்பார்கள். எல்லாக் குற்றத்துக்கும் உங்களைப் பிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எல்லாக் கதவும் பூட்டியிருந்து, விளக்கு எரிந்து, ஆள் விழித்திருந்து, அதையும் மீறி ஒருவன் வந்து வெட்டியிருந்தால் உங்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். நான் கேட்பது மூன்றே கேள்வி. ஆபத்து உங்களுக்குத் தெரிந்திருந்ததா? சரி செய்வது உங்கள் கையில் இருந்ததா? அதற்கென்று எங்களிடம் பணம் வாங்கினீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தக் காயத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. கத்தி பிடித்தவனின் குற்றம் அவனோடு போகும். வழி திறந்து வைத்த குற்றம் உங்களோடுதான் நிற்கும். வாடகை ஏறும் என்று எங்களைப் பயமுறுத்தாதீர்கள். செக்யூரிட்டி என்று ஏற்கனவே வாங்கிய பணத்துக்குக் கணக்குக் காட்டுங்கள்.

"பொம்பளைப் பிள்ளையை எதுக்கு மெட்ராசுக்கு அனுப்பினே?" என்று என் அப்பாவைக் கேட்டவர்களுக்கும் சொல்கிறேன். வேலைக்கு வந்தது என் உரிமை. உங்கள் மகள்களும் நாளைக்கு வருவார்கள். அவர்களை வீட்டிலேயே பூட்டி வைக்கச் சொல்கிற வாய், கேட்டைப் பூட்டச் சொல்லி அந்த முதலாளியிடம் ஒரு தடவையாவது பேசட்டும்.

சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்கிறேன். விடுதி, அடுக்குமாடி, ஹோட்டல், தியேட்டர், வணிக வளாகம் எதுவானாலும், மக்களை உள்ளே அழைத்துப் பணம் வாங்குகிறவருக்கு அவர்களைக் காக்கும் கடமை உண்டு என்று தெளிவாகச் சொல்லும் சட்டம் கொண்டு வாருங்கள். 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரி உயிருக்கும் உடம்புக்கும் செல்லாது என்று அதில் எழுதுங்கள். எழுத்துப் புகார் வந்த பிறகும் சரி செய்யாமல் விட்டு அதனால் ஒருவர் காயப்பட்டால், தன் பக்கம் அலட்சியம் இல்லை என்று உரிமையாளரே நிரூபிக்கட்டும். ஒவ்வொரு விடுதியும் தங்குபவர்களுக்குக் காப்பீடு எடுத்த பிறகே உரிமம் கொடுங்கள். உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியலையும் கடைசியாகச் சோதனை நடந்த தேதியையும் ஊர் அறிய வெளியிடுங்கள். 2014ஆம் ஆண்டின் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து முன்வாசலோடு திரும்பிவிடாமல் பின்கேட் வரை போய்ப் பாருங்கள்.

விடுதிகளில் இருக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கே உங்கள் கட்டிடத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பூட்டு இல்லை என்றால், விளக்கு இல்லை என்றால், கேமராவின் வயர் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றால் படம் எடுங்கள். எல்லோரும் சேர்ந்து எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு நகலைப் பதிவுத் தபாலில் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உரிமம் எங்கே என்று கேளுங்கள். கேட்கிறவளை ஓனர் காலி பண்ணச் சொன்னால் எல்லோரும் அவள் பக்கம் நில்லுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்கும்போது போர்டைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பின்வாசலைக் காட்டச் சொல்லுங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.

இந்த வழக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் நான் விடப்போவதில்லை. எனக்கு வர வேண்டியது அனுதாபத் தொகை அல்ல. அந்த முதலாளி குற்றவாளிதான் என்று இந்த நாட்டின் ஒரு நீதிமன்றம் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கேட்டை அவர் இன்னும் பற்றவைக்கவில்லை என்று அங்கே தங்கியிருக்கும் பெண்கள் சொல்கிறார்கள்.